வீட்டிலே படம் பார்த்த வரலாறு

புகைப்படம் எடுப்பது ஒரு கலை. எடுத்த படத்தை வீட்டார் காணும்படி வைப்பது மற்றொரு கலை. முன்னதைக் கற்பிக்கும் நூல்கள் பல உள. பின்னதைப் பற்றி எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒரு காமிரா வாங்குவதற்காகச் சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரிச் சந்தில் பத்துக் கடை ஏறி இறங்கி, லென்சின் நுணுக்கங்களையெல்லாம் விசாரித்தறியும் நம் அன்பர்கள், எடுத்த படங்களை எதிலே காட்டுவது என்ற வினா எழும்போது, கைக்கு அகப்பட்டதே போதும் என்று அமைந்துவிடுகின்றனர். ஆயிரக்கணக்கான படங்கள் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் உறங்கிக் கிடக்க, கூடத்துச் சுவரிலே இன்னும் தாத்தாவின் படம் ஒன்றே தொங்குகிறது.

நம் காலனியில் படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். பெரிய தொலைக்காட்சிப் பெட்டி நல்லதா, புரொஜெக்டர் நல்லதா, மேசைமீது வைக்கும் டிஜிட்டல் பிரேம் போதுமா, அல்லது காகிதத்தில் அச்சிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டுவதுதான் சிறந்ததா என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதை நாம் அடிக்கடி கேட்கிறோம். வினா புதிதுபோல் தோன்றினும் புதிதன்று. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு தலைமுறையும் இதனைக் கேட்டுள்ளது. தன் காலத்துப் புதுக்கருவியே முடிந்த முடிபு என்றும் நம்பியுள்ளது. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நமக்குப் பெரிதும் பயன் தரும். ஊரை விட்டு வந்து வாழும் நமக்குப் படம் என்பது வெறும் அழகுப் பொருளன்று. நம் பிள்ளைகளுள் பலர் கும்பகோணத்துப் பெரியப்பாவையும் நெல்லையிலுள்ள ஆச்சியையும் படத்தின் வாயிலாகவே முதலில் அறிந்தவர்கள்.

விளக்கு முந்தியது, படம் பிந்தியது

வியப்பான செய்தி ஒன்றுண்டு. புகைப்படம் பிறப்பதற்கு முன்பே, படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டும் கருவி பிறந்துவிட்டது. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்பவர் 1659-ஆம் ஆண்டில் ‘மாயவிளக்கு’ எனப்படும் கருவியை அமைத்தார். ஒரு பெட்டி, அதனுள் ஒரு விளக்கு, முன்னே ஒரு லென்ஸ், இடையே கண்ணாடியில் தீட்டிய ஓவியம்: இவ்வளவே அக்கருவி. அதிலே காட்டுவதற்கென்று ஆடும் எலும்புக்கூட்டின் உருவங்களை அவர் வரைந்து வைத்த தாள் இன்றும் உள்ளது.

புகைப்படத்தின் செய்முறை 1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. டாகேர் என்பவர் கண்ட முறை அது. வெள்ளி பூசிய செப்புத்தகட்டில் விழும் அப்படத்திற்குப் படி எடுக்க இயலாது. ஒரு படம் எடுத்தால் உலகில் அது ஒன்றே. கண்ணாடிபோல் பளபளக்கும் அத்தகட்டை ஒரு சாய்வில் பிடித்தாலன்றி உருவம் தெரியாது. ஆதலின், தோலாலான சிறு பெட்டியில் வெல்வெட்டுப் பதித்து, அதனுள் தகட்டை வைத்து, கையில் ஏந்திப் பார்த்தனர். ஒருவர் பார்க்கும்போது மற்றொருவர் காத்திருக்க வேண்டும். படம் காட்டும் முதற் கருவி, நகைப்பெட்டியை ஒத்திருந்தது எனலாம்.

ஏறத்தாழ 1850-ஆம் ஆண்டளவில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் தொழில் நடத்திய லாங்கன்ஹைம் சகோதரர்கள் புகைப்படத்தைக் கண்ணாடித் தகட்டில் பதிக்கும் வழியைக் கண்டனர். இருநூறு ஆண்டுகளாக ஓவியத்தையே காட்டிவந்த மாயவிளக்கு அன்று முதல் புகைப்படத்தையும் காட்டலாயிற்று. பெரிய மண்டபங்களில் சுண்ணாம்புக் கட்டியை உயர்வெப்பச் சுடரில் ஒளிரச் செய்து காட்டினர். வீடுகளிலோ மண்ணெண்ணெய் விளக்கே போதுமானதாக இருந்தது.

இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். மாயவிளக்குக் காட்சியில் ஒருவர் தகட்டை மாற்றுவார். மற்றொருவர் நின்று விளக்கம் சொல்லுவார். காட்டுதலும் சொல்லுதலும் ஒன்றாகவே பிறந்தன. இவ்விரண்டும் பின்னர்ப் பிரிந்த கதையே நாம் சொல்லவிருக்கும் கதையின் உயிர்நாடி.

ஆல்பமும் சுருளும் சுவரும்

பிரெஞ்சுக்காரரான டிஸ்டெரி என்பவர் 1854-ஆம் ஆண்டில், ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுத்து, அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். முகவரிச் சீட்டின் அளவே உள்ள அப்படங்கள் மலிவாயின. உறவினரும் நண்பரும் அவற்றை மாற்றிக் கொண்டனர். அவற்றைச் செருகி வைப்பதற்கென்றே ஆல்பம் என்னும் தடித்த புத்தகம் தோன்றிற்று. விருந்தினர் வந்தால் ஆல்பத்தை மடியில் வைத்துக் காட்டும் வழக்கம் அங்ஙனம் தொடங்கியதே. அடுத்து, 1861-ஆம் ஆண்டில், அமெரிக்க எழுத்தாளரும் மருத்துவருமான ஹோம்ஸ் என்பவர் இரட்டைப் படங்களை ஆழத்தோடு காட்டும் எளிய கைக்கருவி ஒன்றை அமைத்தார். அவர் அதற்கு உரிமை ஏதும் கோரவில்லை. ஆதலின் எவரும் அதனைச் செய்து விற்கலாயினர். நடுத்தர வீடுகள்தோறும் அது புகுந்தது.

நம் நாட்டிலும் இக்கலை விரைந்து பரவிற்று. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1850-களிலேயே புகைப்படச் சங்கங்கள் எழுந்தன. சென்னை மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவரைப் புகைப்படக்காரராக அமர்த்திற்று. அவர் 1858-ஆம் ஆண்டையொட்டி மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்கள் இன்று உலகப் புகழ் பெற்றவை. அவற்றை அவர் பிறர்க்குக் காட்டிய வகை நம் கருத்துக்குரியது. படங்களைத் தடித்த அட்டைகளில் ஒட்டிப் புத்தகங்களாகக் கட்டுவித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிகளை மட்டும் புத்தகத்தில் அடக்க இயலவில்லை. ஆதலின், 21 படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். கோயிலைச் சுற்றிவரும் எழுத்தைச் சுருளை விரித்தே படிக்கலாம். படத்தின் இயல்பு எதுவோ அதற்கேற்ற கருவியைத் தேர்ந்த பெருமை அவருக்குண்டு. அச்சுருளைக் காண இன்றும் விளக்கோ மின்சாரமோ வேண்டுவதில்லை.

தமிழர் வீட்டில் படம் தங்கிய இடமோ சுவர். இரவிவர்மர் 1894-ஆம் ஆண்டில் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தெய்வப் படங்களை வண்ணத்தில் அச்சிட்ட பிறகு, எளியோர் வீட்டுச் சுவரிலும் சரசுவதியும் இலக்குமியும் கண்ணாடிச் சட்டத்துக்குள் எழுந்தருளினர். அவர்கள் பக்கத்திலேயே ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் படமும் இடம் பெற்றது. தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். உத்தரத்தின் கீழே, கயிற்றில் கட்டி, முன்புறம் சற்றே சாய்த்து மாட்டிய அப்படங்களை அண்ணாந்தே பார்க்க வேண்டும். காலமானவர் படத்திற்குச் சந்தனப் பொட்டும் மாலையும் உண்டு. மேனாட்டார் வீட்டில் அழகுக்காகத் தொங்கிய படம், நம் வீட்டில் மரியாதைக்காகத் தொங்கிற்று. ‘இவர் யார்?’ என்று குழந்தை கேட்டால் விடை சொல்ல அவ்வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்தார்.

பன்னிரண்டு படங்களின் காலம்

ஈஸ்ட்மன் என்பவர் 1888-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த கோடக் காமிராவும், 1900-ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலைக்கு வந்த பிரௌனிப் பெட்டிக் காமிராவும் படமெடுக்கும் வேலையை ஸ்டுடியோக்காரரிடமிருந்து வீட்டாரிடம் ஒப்படைத்தன. நம் நாட்டில் இம்மாற்றம் பெரும்பாலும் விடுதலைக்குப் பின்னரே நிகழ்ந்தது. பரோடாவில் செய்யப்பட்ட அக்பா கிளிக் காமிராவை நம் பெற்றோர் தலைமுறையினர் மறந்திரார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பிலிமின் அளவிலேயே இரண்டேகால் அங்குலச் சதுரமாகப் பிரிண்டு போட்டுக் கொடுப்பார்கள். நீலகிரியில் உதகை நகருக்கருகே நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் உள்நாட்டுப் பிலிமை அளித்தது. அது இன்று இல்லை. அதன் பிலிமில் எடுத்த படங்கள் பல வீடுகளில் உள்ளன.

அப்படங்களின் இருப்பிடம் கறுப்புத் தாள் கொண்ட ஆல்பம். நான்கு மூலைகளிலும் சிறு முக்கோணக் காகிதங்களை ஒட்டி, அவற்றுள் படத்தைச் செருகுவர். தாளுக்குத் தாள் நடுவே மெல்லிய வெண்காகிதம். பசை படத்தில் படுவதில்லை. வேண்டும்போது படத்தை எடுத்துப் பின்புறம் படிக்கலாம். இம்முறை எவ்வளவு அறிவு நிரம்பியது என்பது பின்னர் வந்தவற்றோடு ஒப்பிடும்போதே விளங்கும். 1970-களில் பரவிய ஒட்டும் தாள் ஆல்பத்தில், படத்தைப் பசைத் தாளின்மேல் வைத்துப் பிளாஸ்டிக் உறையால் மூடினர். அமைப்பதற்கு எளிது, பார்ப்பதற்குப் பளபளப்பு. ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை பழுத்து மஞ்சளாகிப் படத்தைப் பற்றிக்கொண்டது. பல படங்களைக் கிழிக்காமல் எடுக்க முடிவதில்லை. அத்தகைய ஆல்பம் வைத்திருப்போர், முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மெல்லிய நூலைப் படத்திற்கும் தாளுக்கும் இடையே மெதுவாகச் செலுத்திப் பிரித்தெடுக்க முயலலாம்.

வண்ணமும் விளக்கும்

மான்னஸ், கோடௌஸ்கி என்னும் இசைவாணர் இருவர் கண்ட கோடக்குரோம் என்னும் வண்ணப் பிலிம் 1935-ஆம் ஆண்டில் திரைப்படச் சுருளாகவும், 1936-ஆம் ஆண்டில் சிறு காமிராவுக்குரிய சுருளாகவும் வெளிவந்தது. இதனின்று கிடைப்பது காகிதப் படமன்று; ஒளி ஊடுருவும் சிறு பிலிம் துண்டு. 24 மில்லிமீட்டர் உயரமும் 36 மில்லிமீட்டர் அகலமும் உடைய அத்துண்டை இரண்டங்குலச் சதுர அட்டையில் பொருத்தி, ‘ஸ்லைடு’ என்றனர். மாயவிளக்கு, புரொஜெக்டர் என்ற புதுப்பெயருடன் மீண்டும் வீட்டிற்குள் வந்தது.

அந்நாளில் வண்ணக் காகிதப் பிரிண்டு விலை மிகுந்தது, நிறமும் நிலைக்காதது. 1942-ஆம் ஆண்டில் தோன்றிய வண்ணப் பிரிண்டுகளின் முதல் தலைமுறை ஏறக்குறைய முழுதும் மஞ்சள் படர்ந்து கெட்டது. ஆதலின், வண்ணம் விரும்பிய ஆர்வலர் ஸ்லைடையே நாடினர். நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்தமையால், புரொஜெக்டர் சிலர் வீட்டிலேயே இருந்தது. வெளிநாடு சென்று திரும்பியவர் வீட்டில் ஸ்லைடுக் காட்சி என்றால் அக்கம்பக்கத்தார் அனைவரும் கூடுவர்.

அக்கருவியைத் தேர்வதில் ஆர்வலர் காட்டிய கவனம் நாம் கற்கத் தக்கது. முதலில் அறையின் நீளத்தை அளந்தனர். 85 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்திய புரொஜெக்டரைப் பத்தடி தொலைவில் வைத்தால், படம் ஏறத்தாழ நான்கடி அகலம் விழும். சிறிய குவார்ட்டர்ஸ் அறைக்கு அதுவே அளவு. அடுத்தது திரை. மணி பதித்த திரை மிகப் பளிச்சென்றிருக்கும். ஆனால் நேரெதிரே அமர்ந்தவர்க்கே அப்பளிச்சு. ஓரத்தில் அமர்ந்தவர்க்குப் படம் மங்கும். மங்கல் வெள்ளைத் திரையோ ஒளி குறைந்தது. எனினும் எத்திசையினின்று பார்ப்பார்க்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். தனியே பார்ப்பவன் முன்னதை வாங்கலாம். பெரியம்மா நாற்காலியிலும் பிள்ளைகள் தரையில் இருபுறமும் அமரும் வீட்டிற்குப் பின்னதே உரியது. இரண்டும் இல்லாதவர் வெளுத்த எட்டுமுழ வேட்டியை இழுத்துக் கட்டினர். அதுவும் நன்றாகவே பயன்பட்டது.

கோடக் நிறுவனம் 1961-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த காரௌசல் என்னும் புரொஜெக்டர் இக்கலையின் உச்சம். வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள் அடுக்கப்படும். தட்டு சுழலும்போது ஸ்லைடு தன் எடையாலேயே கீழிறங்கி ஒளிக்கு நேராக நிற்கும்.

காட்டும் ஒளியே கெடுக்கும் ஒளி

ஆயினும் இவ்வழகிற்கு ஒரு விலை இருந்தது. புரொஜெக்டர் விளக்கின் வெப்பத்தால் ஸ்லைடு வளைந்து, நடுவில் தெளிவு குன்றும். அதனைத் தடுக்கக் கண்ணாடிக்குள் வைத்தால், மழைக்காலத்து ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை படரும். இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. கோடக்குரோம் இருட்டில் வைத்தால் பல பத்தாண்டுகள் நிறம் மாறாதது. ஆனால் விளக்கொளியில் காட்டக் காட்ட விரைவில் வெளுப்பது. வேறு சில பிலிம்கள் விளக்கொளியைப் பொறுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் இருந்தபடியே நிறம் இழக்கும். மிகவும் விரும்பி அடிக்கடி காட்டிய படமே முதலில் வெளுத்தது என்பது இதன் துன்பம். அறிந்தவர்கள் சிறந்த ஸ்லைடுக்குப் படி எடுத்து, படியைக் காட்டி, மூலத்தைக் காத்தனர்.

சுவரில் மாட்டிய படத்திற்கும் இதே பகை உண்டு. மேற்கு வெயில் நேரே விழும் சுவரில் எந்த வண்ணப்படமும் நெடுநாள் தாங்காது. கண்ணாடியோடு ஒட்டி வைத்த பிரிண்டு, ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியிலேயே பற்றிக்கொள்ளும். நம் தில்லியில் ஆறு மாதம் வறட்சி, ஆடி ஆவணியில் புழுக்கம் என்று காற்று மாறிக்கொண்டேயிருப்பதால், இக்கேடு இங்கே மிகுதி.

கருவி மறைந்தது, படம் எஞ்சியது

தில்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தொலைக்காட்சி 1982-ஆம் ஆண்டில் வண்ணம் பெற்றது. அதன்பின் கூடத்தின் நடுவிடம் அதற்கே உரியதாயிற்று. படங்களையும் அதிலேயே காட்டலாமே என்ற எண்ணம் எழுந்தது இயல்பே. கோடக் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் ‘போட்டோ சி.டி.’ என்னும் வட்டத்தகட்டை வெளியிட்டது. பிலிமில் உள்ள படங்களைத் தகட்டில் பதித்து, தொலைக்காட்சியோடு இணைத்த கருவியில் பார்க்கும் ஏற்பாடு அது. பத்தாண்டு கழிந்ததும் அது வழக்கொழிந்தது. ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டில் மேசைமீது வைக்கும் டிஜிட்டல் பிரேம்கள் வரத் தொடங்கின. அவற்றுள் சில, விற்ற நிறுவனத்தின் கணிப்பொறியோடு தொடர்பு கொண்டு படம் பெறுபவை. நிறுவனம் அப்பணியை நிறுத்தினால் பிரேமும் ஊமையாகிவிடும்.

இதற்கிடையே காரௌசல் புரொஜெக்டர் உற்பத்தி 2004-ஆம் ஆண்டில் நின்றது. கோடக்குரோம் பிலிம் 2009-இல் நிறுத்தப்பட்டது. அதனைக் கழுவித் தந்த கடைசிக் கூடம், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது. 2010 டிசம்பர் இறுதிக்குப் பின் அதுவும் புதுச் சுருள் ஏற்கவில்லை.

இங்கு மூன்று பொருள்களை ஒப்பிட்டுக் காண்போம். காகிதப் படத்தைக் காணக் கண் ஒன்றே போதும். ஸ்லைடைக் காணப் புரொஜெக்டர் இல்லையெனில், சன்னலருகே தூக்கிப் பிடித்தால் சிறிதாயினும் உருவம் தெரியும். அம்மா முகம் அம்மா முகமாகவே இருக்கும். வட்டத்தகட்டையோ எத்துணை வெயிலில் பிடித்தாலும் வானவில் நிறமன்றி ஒன்றும் தெரியாது. அதற்குரிய கருவி போனால் படமும் போயிற்று. புதுமை ஏற ஏற, படம் கருவிக்கு அடிமையாகும் அளவும் ஏறியுள்ளது. இதுவே வரலாறு நமக்குக் காட்டும் உண்மை.

இன்று தேர்வது எங்ஙனம்?

இதனால் புதுக்கருவிகளை வெறுத்தல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஒவ்வொன்றும் எதற்கு உரியது என அறிந்து வாங்குதல் வேண்டும் என்பதே.

தொலைக்காட்சித் திரை அகலத்தில் மிகுந்தது. புகைப்படமோ அவ்வளவு அகலமன்று. படுக்கை நிலையில் எடுத்த படம் திரையின் ஆறில் ஐந்து பங்கை நிரப்பும். நெடுக்காக எடுத்த படமோ நூற்றுக்கு முப்பத்தேழு பங்கிற்கே வரும், எஞ்சியது கறுப்பு. ஆட்களை நெடுக்காகவே எடுக்கும் பழக்கமுள்ளவர்க்குப் பெரிய திரையும் சிறிய படத்தையே தரும். மேலும், 4கே எனப்படும் திரையில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. இன்றைய நடுத்தரக் காமிரா 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைப் பதிகிறது. பத்தங்குல டிஜிட்டல் பிரேம்களுள் பல பத்து இலட்சம் புள்ளி அளவினவே. ஆதலின், பிரேம் வாங்கும்போது புள்ளி எண்ணிக்கையையும், திரையின் நீள அகல விகிதத்தையும், நிறுவனத்தின் துணையின்றி நினைவு அட்டையிலிருந்தே படம் காட்டுமா என்பதையும் கேட்டறிக. மூன்றாவது வினாவே முதன்மையானது.

புரொஜெக்டர், விழா நாளுக்கும் உறவினர் கூடும் இரவுக்கும் உரியது. அறையை இருட்டாக்க இயலாதவர்க்கு அது பயன்படாது. பகலில் காட்ட வேண்டுமெனில் தொலைக்காட்சியே மேல்.

நாளும் கண்ணில் பட வேண்டிய படத்திற்குக் காகிதமே. 12 அங்குலமும் 8 அங்குலமும் உள்ள நல்ல பிரிண்டு ஏறத்தாழ 86 இலட்சம் புள்ளிகளைத் தாங்கும். விலையுயர்ந்த திரைக்கு அது சிறிதும் குறைந்ததன்று. வீட்டிலேயே அச்சிடுவோர் சாய மையினும் நிறமி மை நெடுநாள் நிற்கும் என்பதை நினைவில் கொள்க. சட்டம் போடும்போது அமிலம் அற்ற அட்டையைக் கேட்டு வாங்குக. படத்திற்கும் கண்ணாடிக்கும் இடையே வெட்டிய அட்டை ஒன்று இருத்தல் வேண்டும். வெயில் விழும் சுவரும் அடுப்பங்கரைச் சுவரும் ஆகா. மாற்றலுக்கு மாற்றல் வீடு மாறும் அரசு ஊழியர், ஆணி அடிக்கத் தயங்குவது இயல்பு. அவர்கள் சுவரோரம் ஒரு நீண்ட பலகை அமைத்து, அதன்மேல் சட்டங்களைச் சாய்த்து வைக்கலாம். வீடு மாறும்போது படமும் உடன் வரும்; விரும்பியவாறு மாற்றியும் வைக்கலாம்.

சொல்லுவார் இல்லாத படம்

இவை யாவும் கருவி பற்றியன. இனி, முன்னே தொட்டு விட்ட ஒன்றுக்கு வருவோம். மாயவிளக்கின் பக்கத்தில் சொல்லுவார் ஒருவர் நின்றார். ஆல்பத்தை மடியில் வைத்துப் பாட்டி கதை சொன்னார். ஸ்லைடு இரவில் அப்பா ஒவ்வொரு படத்திற்கும் ஊரும் பேரும் கூறினார். மேசைமேல் உள்ள டிஜிட்டல் பிரேமோ, பத்து நொடிக்கொரு படமாக நாள் முழுதும் மாற்றிக்கொண்டேயிருக்கிறது. பக்கத்தில் எவரும் நிற்பதில்லை. காட்டுதல் பெருகிற்று, சொல்லுதல் அருகிற்று.

வண்ணம் வெளுத்த படத்தை ஓரளவு மீட்கலாம்; ஸ்லைடை நகலெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றலாம். ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல வல்லவர் மறைந்தபின், அப்பெயரை எக்கருவியாலும் மீட்க இயலாது. திருவையாற்றுத் தெருவில் நிற்கும் பெண்மணி நம் அத்தைப் பாட்டியா, அண்டை வீட்டாரா என்று தெரியாமற்போனால், அப்படம் தெளிவாக இருந்தும் என்ன பயன்? ஊரிலேயே வாழ்வோர்க்குக் கேட்டறியப் பத்துப் பேர் உண்டு. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் வாழும் நமக்குக் கூடத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரே உண்டு.

ஆதலின் நாம் கூற விரும்புவது இதுவே. பெட்டிக் காமிராவின் சுருளில் பன்னிரண்டு படங்கள் இருந்தன. அதனையே கணக்காகக் கொண்டு, ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்து காகிதத்தில் அச்சிடுக. பொங்கல் விடுமுறையில் ஒரு மாலையை அதற்கென ஒதுக்கி, மூத்தோரை நடுவே அமர்த்தி, படங்களைத் திரையில் காட்டுக. அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்க. பின்னர் ஒவ்வொரு பிரிண்டின் பின்னும் பெயர், முறை, ஊர், ஆண்டு நான்கையும் எழுதுக. பழைய காகிதப் படமாயின் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். இன்றைய வழுவழுப்பான தாளில் பென்சில் பதியாது. நிறமி மைப் பேனாவால் ஓரத்தில் எழுதி, நன்றாக உலர்ந்த பின்னரே அடுக்குதல் வேண்டும். பந்துமுனைப் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்புறத்தில் தழும்பு விழும். எழுதும் எழுத்துத் தமிழாக இருப்பின், படிப்பதற்காகவேனும் நம் பிள்ளைகள் அதனைக் கற்பர்.

திரை வாங்குவோர் வாங்குக. புரொஜெக்டர் வாங்குவோர் வாங்குக. அவை நம் மாலைப்பொழுதை இனிதாக்கும். அவையெல்லாம் பழையனவாகிக் கழிந்த பின்னர், நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் பெட்டியைத் திறப்பர். அன்று அவர்கள் கையில் ஒரு காகிதப் படமும், அதன் பின்னே நம் கையெழுத்தில் ஒரு பெயரும் இருக்குமாறு இன்றே செய்து வைப்போமாக.